காபி குடிச்சதும் வயிறு உப்புதா? பால் மேல் பழி போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

காலையில் பாண்லே பூத்தில் பால் பாக்கெட், ஆறரை மணிக்கு ஃபில்டர் காபி, பதினொரு மணிக்கு கடையில் ஒரு டீ, ராத்திரி படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். கருவடிக்குப்பம் தொடங்கி முத்தியால்பேட்டை, லாஸ்பேட்டை வரை பெரும்பாலான புதுச்சேரி வீடுகளில் நாள் இப்படித்தான் ஓடுகிறது. அதே வீடுகளில் இன்னொரு பேச்சையும் கேட்கலாம். "பால் குடிச்சா எனக்கு ஒத்துக்காது", "காபி உள்ள போனதும் வயிறு கடமுடன்னுது", "சின்ன வயசுல சொம்பு சொம்பா குடிச்சேன், இப்ப முடியல".

இப்படிச் சொல்பவர்களில் ஒரு பகுதியினர் வருஷக்கணக்கில் 'கேஸ்' மாத்திரை போட்டுக்கொண்டே இருப்பார்கள். இன்னொரு பகுதியினர் யாரையும் கேட்காமல் பால், தயிர், மோர் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிடுவார்கள். இரண்டுமே தேவையில்லாத முடிவாக இருக்கலாம். காரணம் லாக்டோஸ் சகிப்பின்மை என்றால் அதற்கான வழிகள் எளிமையானவை. காரணம் அதுவல்ல என்றால், பாலை நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பது ஆபத்தாகக்கூட முடியலாம்.

லாக்டோஸ், லாக்டேஸ்: எது எது?

பெயர்கள் ஒரே மாதிரி இருப்பதால் பலருக்கும் குழப்பம் வரும். லாக்டோஸ் என்பது பாலில் இயற்கையாகவே இருக்கும் சர்க்கரை. பசும்பாலோ எருமைப்பாலோ, 100 மில்லியில் ஏறத்தாழ 5 கிராம் இருக்கும். லாக்டேஸ் என்பது அந்தச் சர்க்கரையை உடைக்க நம் சிறுகுடல் சுவரில் உருவாகும் நொதி, அதாவது என்சைம்.

லாக்டோஸ் அப்படியே ரத்தத்தில் கலக்காது. லாக்டேஸ் அதை குளுக்கோஸ், கேலக்டோஸ் என்று இரண்டாக உடைத்த பிறகுதான் உடல் உறிஞ்சிக்கொள்ளும்.

லாக்டேஸ் குறைவாக இருந்தால் என்ன நடக்கும்?

உடைபடாத லாக்டோஸ் குடலுக்குள்ளேயே நகர்ந்து போகும். போகும் வழியில் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். மலம் இளகுவதற்கு இது ஒரு காரணம். பிறகு அது பெருங்குடலை அடைகிறது. அங்கே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் காத்திருக்கின்றன. அவற்றுக்கு இது விருந்து. லாக்டோஸை அவை நொதிக்க வைக்கும்போது ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேன் ஆகிய வாயுக்கள் உண்டாகின்றன.

வயிறு உப்புசம், கடமுட சத்தம், பிடித்து இழுக்கும் வலி, வாயு பிரிதல், வயிற்றுப்போக்கு எல்லாம் இதிலிருந்து வருபவைதான். பொதுவாக பால் குடித்த அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் இவை தலைகாட்டும்.

சின்ன வயசுல ஒத்துக்கிட்ட பால் இப்ப ஏன் ஒத்துக்கல?

பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பால்தான் உணவு. அதனால் குழந்தைப் பருவத்தில் லாக்டேஸ் நிறைய சுரக்கும். பால் குடியை மறந்த பிறகு அது மெல்ல மெல்லக் குறையும். பசு, ஆடு, நாய், பூனை என்று எல்லாப் பாலூட்டிகளுக்கும் இதுதான் இயற்கை. மனிதர்களிலும் பெரும்பாலானோருக்கு இதுதான் இயல்பு.

விதிவிலக்கு என்று சொல்ல வேண்டுமானால், வளர்ந்த பிறகும் லாக்டேஸ் குறையாமல் இருப்பவர்களைத்தான் சொல்ல வேண்டும். லாக்டேஸை உருவாக்கும் மரபணு இரண்டாவது குரோமோசோமில் இருக்கிறது. அதன் அருகே உள்ள ஒரு 'சுவிட்ச்' பகுதியில் ஏற்பட்ட ஒரே ஓர் எழுத்து மாற்றம், அந்த மரபணுவை வயதான பிறகும் அணையாமல் வைத்திருக்கிறது. வட ஐரோப்பியர்களில் பெரும்பாலானோருக்கு இந்த மாற்றம் உண்டு.

ஆக 'லாக்டேஸ் குறைபாடு' என்ற பெயரே கொஞ்சம் ஒருதலைப்பட்சமானதுதான். 1960களில் மேற்கத்திய மருத்துவர்கள் இதை ஆராயத் தொடங்கியபோது, தங்களுக்கு இருப்பதே இயல்பு, மற்றவர்களுக்கு இருப்பது குறைபாடு என்ற பார்வையில் வந்த பெயர் அது. 2017-ல் 'லான்செட்' குழும இதழில் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, உலக மக்களில் சுமார் 68 சதவீதம் பேருக்கு லாக்டோஸ் முழுதாகச் செரிப்பதில்லை.

புதுச்சேரியில் நடந்த ஆய்வு என்ன சொன்னது?

இந்த விஷயத்தில் நம்ம ஊருக்கு ஒரு தனி இடம் உண்டு. 1981-ல் அமெரிக்காவின் மருத்துவ ஊட்டச்சத்து இதழ் ஒன்றில், வட இந்தியர்களையும் தென்னிந்தியர்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. வடக்கே டெல்லி. தெற்கே இரண்டு மையங்கள்: திருவனந்தபுரம், புதுச்சேரி.

டெல்லியில் பரிசோதிக்கப்பட்டவர்களில் 27.4 சதவீதம் பேருக்கு லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை. திருவனந்தபுரம், புதுச்சேரி மையங்களில் இது 66.6 சதவீதம். அதாவது தெற்கே மூன்று பேரில் இரண்டு பேர்.

கிட்டத்தட்ட 30 வருஷம் கழித்து, 2010-ல், வேலூரையும் லக்னோவையும் ஒப்பிட்டு அதே இதழில் இன்னொரு ஆய்வு வந்தது. ஆரோக்கியமானவர்களிடம் ரத்தப் பரிசோதனை, மூச்சுப் பரிசோதனை, மரபணுப் பரிசோதனை மூன்றும் செய்யப்பட்டன. மூச்சுப் பரிசோதனையில் தென்னிந்தியர்களில் 78.9 சதவீதம் பேருக்கும், வட இந்தியர்களில் 57.1 சதவீதம் பேருக்கும் லாக்டோஸ் முழுதாகச் செரிக்கவில்லை. மரபணு முடிவும் இதோடு ஒத்துப்போனது. லாக்டேஸை அணையாமல் வைக்கும் அந்த எழுத்து மாற்றம் இல்லாதவர்கள் தெற்கே 86.8 சதவீதம், வடக்கே 67.5 சதவீதம்.

தெற்கு, வடக்கு வித்தியாசத்துக்கு என்ன காரணம்? 2012-ல் இந்தியத் துணைக்கண்டம் முழுவதிலிருந்தும் 2,284 மரபணு மாதிரிகளை எடுத்து ஆராய்ந்தார்கள். ஐரோப்பாவில் காணப்படும் அதே மரபணு மாற்றம்தான் இந்தியாவிலும் இருக்கிறது, இரண்டுக்கும் மூலம் ஒன்றே என்று தெரியவந்தது. வடமேற்கிலிருந்து தென்கிழக்கே வர வர அது குறைந்துகொண்டே போகிறது. மாடு மேய்க்கும் சமூகங்கள் சிலவற்றில் மட்டும் அதிகமாக இருக்கிறது. தென்கிழக்குக் கரையில் இருக்கும் நம் பகுதியில் அது குறைவாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

அப்போ மூன்றில் இரண்டு பேருக்கு நோயா?

இல்லை. இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

* லாக்டேஸ் குறைவு: குடலில் நொதி குறைவாகச் சுரப்பது. இது ஒரு நிலை, அவ்வளவுதான்.
* லாக்டோஸ் செரியாமை: குடித்த லாக்டோஸ் முழுதாக உடைபடாமல் பெருங்குடலுக்குப் போவது. பரிசோதனையில் தெரிவது இதுதான்.
* லாக்டோஸ் சகிப்பின்மை: அப்படிப் போனதால் வயிற்று உபாதை வருவது. இதுதான் உங்களைத் தொந்தரவு செய்வது.

முதல் இரண்டும் இருந்தும் மூன்றாவது இல்லாமல் நிம்மதியாக காபி குடிப்பவர்கள் ஏராளம். காரணம், அளவு. இந்த வகைப் பரிசோதனைகளில் வழக்கமாக 25 முதல் 50 கிராம் லாக்டோஸை ஒரே நேரத்தில் குடிக்கக் கொடுப்பார்கள். 50 கிராம் என்றால் ஒரு லிட்டர் பாலை ஒரே மூச்சில் குடிப்பதற்குச் சமம். யார் அப்படிக் குடிக்கிறார்கள்?

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, லாக்டோஸ் செரியாதவர்களில் பெரும்பாலானோர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை பெரிய தொந்தரவு இல்லாமல் தாங்குகிறார்கள் என்று சொன்னது. அது சுமார் 240 மில்லி பால். எல்லோருக்கும் இந்த அளவு பொருந்தும் என்பதில்லை. சிலருக்கு 5 கிராமிலேயே வயிறு பேச ஆரம்பித்துவிடும்.

எதில் எவ்வளவு இருக்கிறது?

நம் வீட்டு அளவில் தோராயமாகப் பார்ப்போம்.

* டீக்கடை டீ: பாலும் தண்ணீரும் கலந்தது. ஒரு கிளாஸில் 60 மில்லி பால் இருந்தால் சுமார் 3 கிராம்.
* ஃபில்டர் காபி: 100 மில்லி பால் சேர்ந்தால் சுமார் 5 கிராம்.
* பெரிய டம்ளர் பால் (250 மில்லி): 12 கிராமுக்கு மேல்.
* கோவா: ஒரு லிட்டர் பாலைச் சுண்டக் காய்ச்சினால் ஏறத்தாழ 200 கிராம் கோவா கிடைக்கும். போவது தண்ணீர் மட்டும்தான், லாக்டோஸ் அப்படியே தங்கிவிடும். ஆக 50 கிராம் கோவா, கால் லிட்டர் பாலுக்குச் சமம். பால்கோவா சாப்பிட்டு அவஸ்தைப்படுபவர்களுக்கு காரணம் இதுதான்.
* பால் பவுடர்: எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லாக்டோஸ்தான். பால் பவுடர் சேர்த்த சத்து பானத்தைப் பாலிலேயே கலக்கினால் இரட்டிப்பு.
* பன்னீர், ரசகுல்லா: பால் திரியும்போது வடியும் தண்ணீரோடு லாக்டோஸின் பெரும்பகுதி போய்விடும். அதனால் குறைவு.
* பல மாதங்கள் பழுக்க வைத்த சீஸ்: கிட்டத்தட்ட இல்லை. ஆரோவில் சீஸ் வாங்குபவர்கள் கவனிக்கலாம்: புதிய, ஈரமான சீஸை விட பழுத்த சீஸ் வயிற்றுக்கு இதம்.
* வெண்ணெய், நெய்: வெண்ணெயில் மிகக் கொஞ்சம், நெய்யில் ஏறக்குறைய பூஜ்யம். பேக்கரி குரோசான் பிரச்சினை செய்யாது. அதே கடையின் கஸ்டர்ட், பால் கிரீம் வைத்த பண்டங்கள் செய்யலாம்.

மாத்திரைகள் பலவற்றில் லாக்டோஸை நிரப்புப் பொருளாகச் சேர்ப்பார்கள். அது மில்லிகிராம் கணக்கு. அதைக் காரணம் காட்டி பிரஷர், சுகர் மாத்திரைகளை நிறுத்திவிடாதீர்கள்.

பால் ஒத்துக்கல, தயிர் மட்டும் எப்படி?

பாலை உறை ஊற்றும்போது அதில் வளரும் பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்று அமிலமாக மாற்றுகின்றன. புளிப்பு அங்கிருந்துதான் வருகிறது. தயிரில் இன்னும் கணிசமான லாக்டோஸ் மிச்சம் இருக்கும். ஆனால் அந்த பாக்டீரியாக்களிடம் லாக்டோஸை உடைக்கும் நொதி இருக்கிறது. அவை தயிரோடு குடலுக்குப் போய் அங்கேயும் வேலை செய்கின்றன. தயிர் கெட்டியாக இருப்பதால் வயிற்றைக் கடந்து போகவும் நேரம் எடுக்கும். மோராகக் கரைத்தால் ஒரு டம்ளரில் இருக்கும் லாக்டோஸ் இன்னும் குறையும்.

லாக்டேஸ் இல்லாமலேயே நம் முன்னோர் மாடு வளர்த்து, தயிர் கடைந்து, நெய் உருக்கி வாழ்ந்ததன் சூட்சுமம் இதுதான். ஐரோப்பாவிலும் கதை இதேதான். பழங்காலப் பானைகளில் ஒட்டியிருந்த பால் கொழுப்பை ஆராய்ந்து 2022-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, அந்த மரபணு மாற்றம் பரவலாவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பிருந்தே அங்கே மக்கள் பாலைப் பயன்படுத்தினார்கள் என்று காட்டியது.

ஏ2 பால், ஆட்டுப்பால், கொழுப்பு நீக்கிய பால் உதவுமா?

நாட்டு மாட்டு ஏ2 பால்: ஏ1, ஏ2 என்பது பாலில் உள்ள புரதத்தின் வகை. லாக்டோஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லாக்டோஸ் பிரச்சினைக்காக அதிக விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

ஆட்டுப்பால்: லாக்டோஸ் சற்றே குறைவு. வித்தியாசம் பெரிதல்ல.

கொழுப்பு நீக்கிய பால்: போவது கொழுப்பு மட்டும். லாக்டோஸ் குறையாது.

நன்றாகக் காய்ச்சிய பால்: காய்ச்சுவதால் லாக்டோஸ் உடையாது. தண்ணீர் வற்றினால் செறிவுதான் கூடும்.

லாக்டோஸ் இல்லாத பால்: இது உதவும். நொதியைச் சேர்த்து லாக்டோஸை முன்கூட்டியே உடைத்து விற்கிறார்கள். அதனால் கொஞ்சம் இனிப்பாக இருக்கும். ஒரு எச்சரிக்கை: இது 'சர்க்கரை இல்லாத பால்' அல்ல. உடைந்த சர்க்கரை உள்ளேயேதான் இருக்கிறது. சுகர் உள்ளவர்கள் வழக்கமான பாலைப் போலவே கணக்கில் எடுக்க வேண்டும்.

லாக்டேஸ் மாத்திரை: பால் பண்டத்தின் முதல் வாயோடு எடுத்துக்கொள்ள வேண்டும். பலன் ஆளுக்கு ஆள் மாறும்.

இது ஒவ்வாமையா?

இல்லை. தமிழில் பல இடங்களில் 'லாக்டோஸ் ஒவ்வாமை' என்றே எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். 'ஒத்துக்கொள்ளவில்லை' என்ற பொருளில் அது சரிதான். ஆனால் மருத்துவத்தில் 'ஒவ்வாமை' என்றால் அலர்ஜி. பால் அலர்ஜி என்பது பாலின் புரதத்துக்கு எதிராக நோய் எதிர்ப்பு அமைப்பு கிளம்புவது. உடல் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வரும். துளி பால்கூட உயிருக்கு ஆபத்தாகலாம். லாக்டோஸ் சகிப்பின்மையில் வயிறு படுத்தும், உயிருக்கு ஆபத்து இல்லை. பால் பட்டு முகம் வீங்கினால், மூச்சு இறுக்கினால் அது அவசர சிகிச்சைக்கான நேரம்.

எப்படி உறுதிப்படுத்துவது?

வீட்டிலேயே தொடங்கலாம். இரண்டு வாரம் பால், பால் இனிப்பு, ஐஸ்கிரீம், பால் பவுடர் சேர்ந்த பண்டங்களை நிறுத்துங்கள். என்ன சாப்பிட்டீர்கள், வயிறு எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு அரை டம்ளர் பாலில் மறுபடி தொடங்கி, சில நாட்கள் விட்டு அளவைக் கூட்டுங்கள். தொந்தரவு திரும்பும் அளவுதான் உங்கள் எல்லை.

இன்னொன்றையும் சோதியுங்கள். பால் மட்டும் குடித்தால் ஒன்றும் ஆகவில்லை, காபி குடித்தால்தான் ஆகிறது என்றால், காரணம் காபியாகவே இருக்கலாம். காபி பெருங்குடலைத் தூண்டும். வெறும் வயிற்றில் குடித்தால் நெஞ்செரிச்சலும் வரலாம்.

மருத்துவமனையில் செய்வது பெரும்பாலும் ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனை. ராத்திரி முழுக்க வெறும் வயிறு, காலையில் லாக்டோஸ் கரைசல், பிறகு சில மணி நேரம் குறிப்பிட்ட இடைவெளியில் மூச்சை ஊதச் சொல்வார்கள். மூச்சில் ஹைட்ரஜன் 20 பிபிஎம் அல்லது அதற்கு மேல் உயர்ந்தால் லாக்டோஸ் செரிக்கவில்லை என்று பொருள். ரத்தப் பரிசோதனையில் இதற்கு நேர்மாறு: லாக்டோஸ் குடித்த பிறகும் ரத்த சர்க்கரை 20 மில்லிகிராம் அளவுக்குக்கூட ஏறவில்லை என்றால் அது உடைபடவில்லை. சமீபத்தில் ஆன்டிபயாடிக் எடுத்திருந்தால் மூச்சுப் பரிசோதனைக்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். முடிவு மாறக்கூடும்.

எப்போது டாக்டரிடம் போயே ஆக வேண்டும்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். நம் ஊரில் பெரும்பாலானோருக்கு லாக்டோஸ் முழுதாகச் செரிக்காது. அதனால் வேறு குடல் நோய் உள்ளவருக்கும் பரிசோதனையில் 'பாசிட்டிவ்' வர வாய்ப்பு அதிகம். "எனக்கு பால்தான் பிரச்சினை" என்று இருந்துவிட்டால், உண்மையான நோய் மறைந்தே வளரும்.

* காரணமில்லாமல் எடை குறைவது
* மலத்தில் ரத்தம், அல்லது மலம் கருப்பாகப் போவது
* தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு
* விட்டு விட்டுக் காய்ச்சல், ரத்தசோகை
* 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வயிற்றுக் கோளாறு
* பாலை முழுதாக நிறுத்தியும் குறையாத தொந்தரவு

இதில் ஒன்று இருந்தாலும் குடல் காசநோய், குடல் அழற்சி, புற்றுநோய் போன்றவை இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இரைப்பை-குடல் சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது.

கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பிறகு திடீரென்று பால் ஒத்துக்காமல் போவதும் உண்டு. குடல் சுவர் புண்பட்டதால் லாக்டேஸ் தற்காலிகமாகக் குறைந்திருக்கும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். வயிற்றுப்போக்கு வந்த கைக்குழந்தைக்கு இதைச் சொல்லி தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

பாலை விட்டால் கால்சியத்துக்கு என்ன வழி?

ஐசிஎம்ஆர் 2020 பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. இரண்டு டம்ளர் பாலை நிறுத்தினால் அதில் கிட்டத்தட்ட பாதி போய்விடும். மாதவிடாய் நின்ற பெண்கள் இதை அலட்சியப்படுத்தினால் எலும்பு தேய்வது வேகமாகும்.

மாற்று நம் அடுக்களையிலேயே இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. முருங்கைக் கீரையிலும் கிட்டத்தட்ட அந்த அளவு. எள் இன்னும் அதிகம். முள்ளோடு சாப்பிடும் நெத்திலி போன்ற சிறு மீன்கள் நல்லவை. கருவாடாகச் சாப்பிட்டால் உப்பைக் கவனியுங்கள், பிரஷர் உள்ளவர்களுக்கு அது ஆகாது. தானியத்திலிருந்து கிடைக்கும் கால்சியத்தை உடல் முழுதாக உறிஞ்சாது. முளைகட்டினாலோ புளிக்க வைத்தாலோ இந்தத் தடை குறையும். புளித்த கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றிக் குடிப்பது இந்த வகையில் ரொம்பப் பொருத்தமான சாப்பாடு.

சுருக்கமாக

* வளர்ந்தபின் லாக்டேஸ் குறைவது நம் பகுதியில் இயல்பு, நோயல்ல.
* பாலை முழுதாக விட வேண்டியதில்லை. உங்கள் அளவைக் கண்டுபிடியுங்கள். ஒரே மூச்சில் குடிக்காமல் பிரித்துக் குடியுங்கள், சாப்பாட்டோடு குடியுங்கள்.
* தயிர், மோர், நெய், பன்னீர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.
* பாலைக் குறைத்தால் கேழ்வரகு, கீரை, எள், சிறு மீனைக் கூட்டுங்கள்.
* எடை குறைவு, ரத்தம், காய்ச்சல் இருந்தால் பாலைக் குறை சொல்லிக்கொண்டு நாள் கடத்தாதீர்கள்.

(இது பொதுவான தகவலுக்கான கட்டுரை. சிகிச்சை தொடர்பான முடிவுகளை உங்கள் மருத்துவரிடம் கேட்டு எடுக்கவும்.)